பிரிந்த கதையைச் சொல்லாத பெட்டி: பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’ சிறப்புப் பதிப்பு

உடைந்துபோன ஒரு குழுவின் கடைசி வெளியீட்டை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குழுவின் நிறுவனமே பெரிய பெட்டியில் போட்டு விற்கும்போது, காசு கொடுத்து வாங்குகிற ரசிகர் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறார். பாடல்கள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. இவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்ற பழைய கேள்விக்குக் கொஞ்சமாவது விடை கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரின் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘லெட் இட் பீ’ இசைத்தொகுப்புக்கு 2021 அக்டோபர் 15 அன்று வெளியான சூப்பர் டீலக்ஸ் பதிப்பு, முதல் எதிர்பார்ப்பைப் பெரும்பாலும் நிறைவேற்றுகிறது. இரண்டாவதைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோகிறது. ஆனாலும் இந்தப் பெட்டியை அடிக்கடி எடுத்துக் கேட்டுவருகிறேன் என்பதையும், அதற்குக் காரணம் விளம்பரங்கள் முன்னிறுத்திய புதிய ஒலிக்கலவை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் இருப்பவை ஐந்து குறுந்தகடுகள், ஒரு புளூ-ரே தகடு, 105 பக்கம் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகம். மொத்தம் 57 ஒலிப்பதிவுகள். முதல் தகட்டில் 1970இல் வெளியான தொகுப்பு, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓகெல்லும் செய்த புதிய ஒலிக்கலவையில் இருக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 1969 ஜனவரியில் பதிவான ஒத்திகைகளும், கைவிடப்பட்ட டேக்குகளும் (ஒரு பாட்டை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பதிந்தவை), இடையிடையே பேச்சும் இருக்கின்றன. நான்காவது, ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் 1969இல் ‘கெட் பேக்’ என்ற பெயரில் தொகுத்துக் கொடுத்து, குழுவினரால் ஒதுக்கப்பட்ட தொகுப்பு. ஐந்தாவதில் நான்கே நான்கு பாடல்கள். இதே உள்ளடக்கம் இசைத்தட்டுகளாகவும் வந்தது. இணையச் செயலிகளிலும் கேட்கலாம்.

பீட்டில்ஸின் இன்றைய ரசிகர்களில் மிகப் பலர் அக்குழு பிரிந்த பின் பிறந்தவர்கள்; நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்கு முதல் பாட்டு காதில் விழும்போதே கதையின் முடிவு தெரிந்துவிடுகிறது. 1970 ஏப்ரல் 10 அன்று லண்டனில் டெய்லி மிரர் நாளிதழின் முதல் பக்கத்தில் பால் மெக்கார்ட்னி விலகுகிறார் என்ற செய்தியைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களின் துக்கம் வேறு, எங்களுடையது வேறு. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தே விடியவிடியக் கூத்துப் பார்க்கிறவர், நடுச்சாமத்தில் ஒரு கணம், இந்தத் தடவையாவது தேர்ச்சக்கரம் புதையாமல் போகாதா என்று ஏங்குவாரே, அதற்குப் பக்கத்தில் வரும் உணர்வு எங்களுடையது. ஆகவே இத்தகைய பெட்டியைத் திறக்கும்போது ரசிகர் மனம் ஒவ்வொரு டேக்கிலும், ஒவ்வொரு அரட்டையிலும், விரிசல் விட்ட இடத்தைத் தேடுகிறது. யார் குரலில் சலிப்பு முதலில் தட்டுகிறது, யார் யாருக்குப் பதில் சொல்லாமல் விடுகிறார் என்று துப்பறிகிறது. இது நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பீட்டில்ஸ் ரசிகர்களில் இந்தப் பழக்கம் இல்லாதவரை நான் பார்த்ததில்லை.

அன்றைய ரசிகர்களின் நிலை இன்னும் பரிதாபமானது. லண்டனில் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் இயங்கிய சாவில் ரோ 3ஆம் எண் கட்டடத்தின் வாசலிலும், அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலிலும் குளிரில் நாள் முழுவதும் காத்துக் கிடந்த இளம்பெண்களுக்கு ஆப்பிள் ஸ்க்ரஃப்ஸ் என்று பெயர். ஜார்ஜ் ஹாரிசன் அவர்களைப் பற்றி ஒரு பாட்டே எழுதினார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதைப் பத்திரிகைகளுக்கு முன்பே அறிந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். அறிவிப்பு வந்த அன்று, குழுவின் செய்தித் தொடர்பாளர் டெரக் டெய்லர், உலகம் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது, அது நிற்கும்போது கவலைப்படலாம் என்ற பொருளில் ஓர் அறிக்கை விட்டார். ஆறுதல் போலவும் கேலி போலவும் படிக்கக்கூடிய அந்த வாசகம் ரசிகர்களைப் பத்தாண்டுகள் தொங்கலில் விட்டது. பிரிவைக் காட்டிலும் அதன் பின் வந்த நம்பிக்கைதான் அவர்களை அதிகம் வாட்டியிருக்க வேண்டும். 1976இல் ஓர் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் நால்வரும் ஒரே மேடையில் தோன்றினால் 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி அதைக் கிண்டலடித்து 3,000 டாலர் தருவதாகச் சொன்னது. 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் ஜான் லெனன் சுடப்படும்வரை இந்த எதிர்பார்ப்பு ஓயவில்லை.

இத்தனையும் தெரிந்த ஒருவர் பெட்டியின் முதல் தகட்டைப் போட்டுக் கேட்டால் அவருக்குக் கிடைப்பது கச்சிதமான, கழுவித் துடைத்த ஒலி. ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் முன்னுக்கு வந்திருக்கிறது. கிட்டார்கள் இடமும் வலமும் நன்றாகப் பிரிந்து ஒலிக்கின்றன. ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ பாடலைத்தான் எல்லோரும் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். எளிய பியானோப் பாட்டாகப் பதிவான அதன் மேல், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1970 ஏப்ரல் 1 அன்று வயலின்களையும் எக்காளங்களையும் யாழையும் 14 பெண்களின் குழுக்குரலையும் ஏற்றினார். பால் கேட்டபோது காரியம் முடிந்திருந்தது. அவர் ஏப்ரல் 14 அன்று கண்டனக் கடிதம் எழுதினார்; பின்னர் நால்வரின் தொழில் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்தார். அமெரிக்காவில் அந்தப் பாட்டு முதலிடத்தைப் பிடித்தது, அங்கே முதலிடம் பெற்ற அவர்களின் கடைசிப் பாடலாகவும் ஆனது. புதிய கலவை ஸ்பெக்டரின் சேர்க்கைகளை நீக்கவில்லை. அவற்றைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, பாலின் குரலுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தெளிவில், பேஸ் கிட்டார் வாசித்த ஜானின் தடுமாற்றங்கள் முன்பைவிட நன்றாகக் கேட்கின்றன என்பது யாரும் எதிர்பார்த்திராத பக்கவிளைவு. 2003இல் வெளியான ‘நேக்கட்’ பதிப்பு ஸ்பெக்டரை முற்றாக அகற்றியது. அதையும் பழைய பதிப்பையும் வைத்திருப்பவர்களுக்கு இந்த முதல் தகடு அவசியமில்லை.

இரண்டாம் தகட்டில் மனநிலை மாறுகிறது. 1969 ஜனவரி 2 அன்று ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடத்தின் குளிரில் தொடங்கிய வேலை, மூன்றாம் வாரத்தில் சாவில் ரோ கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்தது. 22ஆம் தேதி அமெரிக்கரான பில்லி பிரஸ்டன் எலக்ட்ரிக் பியானோவோடு சேர்ந்தார். 1962இல் ஹாம்பர்க்கில் அவர்களோடு பழகியவர். விருந்தாளி வந்துவிட்டால் வீட்டுச் சண்டை அடங்கிவிடும் என்பது இங்கே நிரூபணமாகிறது. ‘லெட் இட் பீ’ பாடலின் பத்தாவது டேக் நடுவே திடீரென்று 1963இல் வெளியான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாடலுக்குத் தாவி, சில நொடிகளில் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வருகிறது. ஜானும் பாலும் பதின்ம வயதில் எழுதிய ‘ஒன் ஆஃப்டர் 909’ பாடலை இருபதுகளின் இறுதியில் அதே குறும்போடு பாடுகிறார்கள். துப்பறியும் காதுக்கு இங்கே தீனி இல்லை. பிரியப்போகிறவர்கள் இப்படியா சிரிப்பார்கள் என்று ரசிகருக்குக் கோபம்கூட வரலாம், எனக்கு வந்தது.

பெட்டியின் உண்மையான சரக்கு மூன்றாம் தகடு. இதில் ஜார்ஜ் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பாடலைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மற்றவர்கள் கூடப் பாடுகிறார்கள், சுருதி சேர்க்கிறார்கள், ஆனால் பாட்டு பீட்டில்ஸ் பாட்டாக ஆகவே இல்லை. 1970 நவம்பரில் அவருடைய மூன்று இசைத்தட்டுத் தனித்தொகுப்பின் தலைப்புப் பாட்டாக அது வந்தது. ஜானின் ‘கிம்மி சம் ட்ரூத்’ 1971இல் அவருடைய தனித்தொகுப்புக்குப் போனது; இங்கே அதைக் குழுவில் பாடிப் பார்க்கிறார்கள். ரிங்கோ ‘ஆக்டபஸஸ் கார்டன்’ பாட்டைப் பாதி மட்டும் கையில் வைத்திருக்கிறார், ஜார்ஜ் அதை முன்னே நகர்த்த உதவுகிறார். ஜார்ஜின் ‘சம்திங்’ பாடலில் ஒரு வரிக்குச் சொல் அகப்படாமல் நிற்கிறது. உரிய சொல் கிடைக்கும்வரை வாயில் வந்ததைப் பாடிவை, ‘காலிஃபிளவர்’ என்றுகூடப் பாடலாம் என்று அந்த ஜனவரியில் ஜான் அவருக்கு யோசனை சொன்னது இன்று எல்லா ரசிகர்களுக்கும் தெரிந்த கதை. சில மாதங்களில் ‘அபே ரோடு’ தொகுப்பில் வந்த அந்தப் பாட்டுத்தான், பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு இசைத்தட்டின் (சிங்கிள்) முதல் பக்கத்தில் இடம்பிடித்த ஜார்ஜின் முதல் பீட்டில்ஸ் பாடல்.

இந்தத் தகட்டை அடுக்கிப் பார்த்தால், நால்வரின் அடுத்த இரண்டு ஆண்டுகளின் பாடல்களில் பல ஒரே அறையில் ஒரே மாதத்தில் நடமாடியது விளங்கும். இவ்வளவு சரக்கு வைத்திருந்த நான்கு பேருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு தொகுப்புகள் எப்படிப் போதும்? அதிலும் ஜார்ஜுக்கு வழக்கமாகக் கிடைத்தது ஒரு தொகுப்பில் இரண்டு பாட்டு, மிஞ்சினால் மூன்று. அவருடைய குரலில் இங்கே கோபம் இல்லை, பொறுமைதான் இருக்கிறது. அந்தப் பொறுமை ஜனவரி 10 அன்று மதிய உணவு நேரத்தில் தீர்ந்துபோய் அவர் எழுந்து போய்விட்டதையும், பன்னிரண்டு நாட்களுக்குள் நிபந்தனைகளோடு திரும்பியதையும் இந்தத் தகடுகளை மட்டும் கேட்டு யாரும் அறிய முடியாது.

என் முதன்மையான குறை இதுதான். இந்தக் குழுவை விட்டு நால்வருமே ஆளுக்கொரு முறை வெளியேறியவர்கள். 1968 ஆகஸ்டில் ரிங்கோ போனார். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பியபோது டிரம்ஸைப் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். 1969 ஜனவரியில் ஜார்ஜ். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் தன் முடிவைச் சொல்ல, ஒப்பந்தப் பேச்சுகள் கெடாமல் இருக்க அதை வெளியே விடாமல் அமுக்கினார்கள். கடைசியாகப் போன பால் தன் தனித்தொகுப்போடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதிலில் வாயைத் திறந்துவிட்டதால், பழி பெரும்பாலும் அவர் தலையில் விழுந்தது; மிஞ்சிய பழியை ரசிகர்கள் ஜானின் துணைவி யோகோ ஓனோவின் மேல் இறக்கிவைத்தார்கள். அவர் அறையில் உட்கார்ந்திருந்ததுதான் குழு உடையக் காரணம் என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லப் போகிறார்கள், எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று அந்த ஜனவரியிலேயே பால் சொன்னது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. வேடிக்கையாகத்தான் முடிந்தது.

உண்மையில் நடந்தது பச்சையான பங்காளிச் சண்டை. நிர்வாகி பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில், 32 வயதில் இறந்தபின் கணக்கு வழக்கைக் கவனிக்க ஆள் இல்லை. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் நியூயார்க்கைச் சேர்ந்த ஆலன் கிளைனை நிர்வாகியாக ஏற்றார்கள்; பால் தன் மனைவி வழி ஈஸ்ட்மன் குடும்ப வழக்கறிஞர்களை விரும்பினார், கிளைனின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். ஜான், பால் பாடல்களின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனம் 1969இல் ஏடிவி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. கிளைனிடமிருந்து விடுபட வேறு வழி தெரியாமல் பால் தன் மூன்று நண்பர்கள் மீதே வழக்குப் போட்டார். மனு தாக்கலான நாள் 1970 டிசம்பர் 31. கூட்டாண்மை சட்டப்படி கலைந்தது 1975 ஜனவரியில். இவற்றில் ஒரு துணுக்கும் 57 ஒலிப்பதிவுகளில் இருக்காது என்பது புரிகிறது. பணத்தகராறுக்கு ராகம் கிடையாது. ஆனால் 105 பக்கப் புத்தகத்தில் அதற்கு இன்னும் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கலாம். புத்தகம் அந்த ஜனவரியின் பெயரைத் துலக்குவதிலேயே குறியாக இருக்கிறது. துக்கமான மாதம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டதை மறுக்கப் போய், மகிழ்ச்சியான மாதம் என்று கொஞ்சம் அதிகமாகவே அழுத்திச் சொல்லிவிடுகிறது. ஈதன் ரஸல், லிண்டா மெக்கார்ட்னி ஆகியோரின் புகைப்படங்கள் மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை: ஒரே அறையில் நான்கு பேர் நான்கு திசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களும், கிட்டாரின் மேல் குனிந்து இருவர் சிரிக்கும் படங்களும் கலந்தே இருக்கின்றன.

மற்றொரு குறை, மொட்டைமாடி. 1969 ஜனவரி 30 மதியம் சாவில் ரோ கட்டடத்தின் மாடியில் சுமார் 42 நிமிடம் அவர்கள் வாசித்ததும், காவலர்கள் மேலேறி வந்ததும் உலகறிந்த நிகழ்ச்சி. நால்வரும் பொதுமக்கள் காதில் விழச் சேர்ந்து வாசித்த கடைசி நாள் அது. அதில் மூன்று பாடல்கள் தொகுப்பிலேயே இருக்கின்றன, ‘டோன்ட் லெட் மீ டவுன்’ பாடலின் ஒரு பதிவு இரண்டாம் தகட்டில் இருக்கிறது. ஆனால் முழு நிகழ்ச்சியும் வரிசையாகப் பெட்டியில் இல்லை. ஐந்தாம் தகட்டில் நான்கு பாடல்களை மட்டும் வைத்து மிச்ச இடத்தைக் காலியாக விட்டவர்கள், மூன்று மாதம் கழித்து 2022 ஜனவரியில் முழு நிகழ்ச்சியையும் இணையச் செயலிகளில் தனியாக வெளியிட்டார்கள். ரசிகரின் பொறுமையை இவர்கள் எப்போதும் வட்டியில்லாக் கடனாகவே வைத்திருக்கிறார்கள்.

நான்காம் தகட்டுக்கு வருவோம். கிளின் ஜான்ஸ் தொகுத்த ‘கெட் பேக்’ பல ஆண்டுகள் கள்ளப் பதிப்புகளாக மட்டுமே உலவியது. தப்பான தொடக்கங்கள், இருமல், பாதியில் நிற்கும் பாட்டுகள், ‘சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’ பாடலின் சில வரிகள், பிறகு பாலின் தனித்தொகுப்புக்குப் போன ‘டெடி பாய்’ எல்லாம் இதில் உண்டு. 1970 தொகுப்பில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெட்டப்பட்ட ‘டிக் இட்’ இங்கே நான்கு நிமிடம் ஓடுகிறது. ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ வயலின்கள் ஏறாமல், குழு வாசித்தபடியே இருக்கிறது. 1963இல் முதல் தொகுப்பின் அட்டைக்கு இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத் தலைமையகத்தின் மாடிப்படியில் நின்று எடுத்த அதே கோணத்தில், அதே புகைப்படக்காரர் ஆங்கஸ் மெக்பீனைக் கொண்டு 1969இல் மீண்டும் ஒரு படம் எடுத்து இதற்கு அட்டையாக்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் முகங்களில் ஏறியிருந்த தாடியும் களைப்பும் அந்தப் படத்தில் தெரியும். இந்தத் தொகுப்பு அப்படியே வெளிவந்திருந்தால் பீட்டில்ஸ் என்ற மாயை உடைந்திருக்கும், அதனால் தனக்கு அதில் விருப்பம் இருந்தது என்று ஜான் பிற்பாடு சொன்னார். அவர் சொன்னதன் நியாயம் கேட்கும்போது தெரிகிறது. மெருகு போடாத, சில இடங்களில் அலுப்பூட்டுகிற, யாருக்காகவும் முகத்தைத் திருத்திக்கொள்ளாத நான்கு பேர் இதில் இருக்கிறார்கள். முதல் தகட்டின் பளபளப்பைக் கேட்டபின் இதைக் கேட்கிற ரசிகருக்கு, வேலை செய்துகொண்டே ஒருவரிடமிருந்து ஒருவர் விலகிக்கொண்டிருப்பது எப்படிக் கேட்கும் என்பது ஓரளவு பிடிபடும். குரல் உயர்வதில்லை. அடுத்த டேக்குக்கு யார் கணக்குச் சொல்வது என்பதில் ஒரு சின்னத் தயக்கம், ஒருவர் நகைச்சுவைக்கு மற்றவர் சற்றுத் தாமதமாகச் சிரிப்பது, இப்படித்தான் அது கேட்கிறது. இதைச் சண்டை என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் தகட்டில் ‘ஐ மீ மைன்’ இருக்கிறது என்பதற்காக அதை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 1970 ஜனவரி 3 அன்று பாலும் ஜார்ஜும் ரிங்கோவும் மட்டும் கூடி அதைப் பதிவு செய்தார்கள்; ஜான் அப்போது டென்மார்க்கில் இருந்தார். ஒன்றரை நிமிடப் பாட்டை ஸ்பெக்டர் ஒரு பகுதியைத் திரும்ப ஒட்டி நீட்டினார். கிளின் ஜான்ஸின் கலவையை இங்கே கேட்கலாம். நான், எனது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பதைப் பற்றிய பாட்டை நால்வரில் ஒருவர் இல்லாமல் முடிக்க நேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், எழுதியவர் ஜார்ஜ் என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

புளூ-ரே தகட்டில் முதல் தகட்டின் பாடல்கள்தாம் டால்பி அட்மாஸ், 5.1, உயர்தர ஸ்டீரியோ ஆகிய மூன்று வடிவங்களில் இருக்கின்றன. அதற்குரிய ஒலிபெருக்கிகள் வீட்டில் இல்லாதவர்களுக்கு அது வெறும் வட்டத் தகடு. இந்தியாவில் இந்தப் பெட்டி இறக்குமதியாகவே கிடைக்கிறது. சுங்கமும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் விலை கணிசமாக ஏறிவிடும். இசைத்தட்டு வடிவம் இன்னும் கூடுதல் விலை, புத்தகம் அதிலும் உண்டு. ஏற்கெனவே பழைய ‘லெட் இட் பீ’ வைத்திருந்து, பாடல்களுக்காக மட்டும் கேட்பவர்கள் இரண்டு குறுந்தகடுகள் கொண்ட சிறு பதிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். குழு எப்படி உடைந்தது என்பதில் மனம் சிக்கிக்கொண்டவர்கள், முதலில் மாதச் சந்தா கட்டும் செயலி ஒன்றில் மூன்றாம், நான்காம் தகடுகளின் பகுதியை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் புகைப்படங்களைப் பெரிய தாளில் பார்க்கும் ஆசை இருந்தால் பெட்டியை வாங்குங்கள். கிளின் ஜான்ஸ் தொகுப்பை மட்டும் மாடிப்படி அட்டையோடு தனி இசைத்தட்டாகப் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் விற்குமானால், இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்காது.